நோட்டுப் புத்தகத்துக்கு நன்றி சொல்லி என்ன பயன்?

கேள்வி: தினமும் நன்றிக் குறிப்பு எழுதினால் தனிமை உணர்வு குறையுமா?

மனம் கொஞ்சம் லேசாகும். தனிமை குறையுமா என்றால், எனக்குக் குறையவில்லை.

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். சுங்கை பட்டாணியில் இருந்த அம்மா காலமான பிறகு வார இறுதியில் போக இடமில்லை. குளுகோர் அடுக்குமாடி வீட்டில் நானும் மின்விசிறியும்தான். யாரோ சொன்னதைக் கேட்டு மூன்று மாதம் எழுதினேன்: 'பஸ் உடனே வந்தது', 'முதுகு வலி இல்லை'. எரிச்சல் குறைந்தது உண்மை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் வந்தால் பழைய பாரம்தான்.

ஆய்வுகளைக் குறை சொல்லவில்லை. 2003இல் வெளிவந்த ஆய்வில் உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கலோவும் மாணவர்களை வாரம் ஒருமுறை, 10 வாரம் எழுத வைத்தார்கள். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையில் நிறைவு கண்டார்கள். தனிமையில் இருப்பவனுக்குக் கேள்வியே வேறு: நாளை நான் எழுந்திருக்காவிட்டால் யார் தேடுவார்? (அவனிடம் போய் 'இருப்பதை நினைத்துத் திருப்திப்படு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டினேன். 'மழை. பக்கத்து வீட்டு ஆண்டி துணி எடுத்து வைத்தார்' என்று ஏழு இடத்தில் இருந்தது. நான் பகலில் தூங்கும்போது மழை வந்தால், அந்தச் சீன மூதாட்டி கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்து மடித்து, கிளிப்புகளைத் தனியே ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து, என் கம்பிக் கதவில் மாட்டிவிடுவார். நோட்டுப் புத்தகத்திடம் ஏழு முறை நன்றி சொன்னவன் அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

லிட்டில் இந்தியாவில் முறுக்கு வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். 'தெரிமா காசே, ஆண்டி' என்றேன். மலாயில் நன்றி சொல்லத் தினமும் சொல்லும் சொல்தான். 'தெரிமா' என்றால் பெறுவது, 'காசே' என்றால் அன்பு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 'சாமா சாமா' (பரவாயில்லை) என்று கையை ஆட்டியவர், "உனக்கு இரவு வேலையா? வேலைக்கே போகாத சோம்பேறி என்றல்லவா நினைத்திருந்தேன்!" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

2005இல் உளவியலாளர் செலிக்மன் குழு சோதித்ததும் ஏறக்குறைய இதுதான். நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மாதம் நின்றது, மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது. எனக்குக் கரையவில்லை, பினாங்கில் மழை ஓய்வதில்லை அல்லவா! ஆண்டி இப்போது துணிகளைத் தொடுவதில்லை. மழை தூறினால் கதவைத் தட்டி, தூங்குகிறவனை எழுப்பி, என்னையே எடுக்க வைக்கிறார்.