தாத்தா சொன்ன சருகுத் தீ

கேள்வி: தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்த விபத்துக்குப் பிறகு காட்டுத் தீ என்றாலே பயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் காட்டில் வாழும் சோளகர் பழங்குடியினரே காட்டுக்குத் தீ வைப்பார்கள் என்று தாத்தா சொல்கிறார். அப்படியானால் காடு எப்படி மிஞ்சியது?
– கல்லூரி மாணவி, கோபி

பதில்: தாத்தா சொல்வது உண்மைதான். சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கும் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் இதைத் 'தரகு பெங்கி' என்பார்கள். தரகு என்றால் நம் சருகு, பெங்கி என்றால் தீ. வெயில் முற்றுவதற்கு முன்பே, தை மாதவாக்கில், தரையில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே வைத்துவிடுவார்கள். அது தரையோடு ஓடி, சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுவிட்டு அடங்கிவிடும், பெரிய மரங்கள் தப்பிவிடும். நெல்லி மரங்களைப் பிடிக்கும் புல்லுருவியும் இதனால் கட்டுக்குள் இருந்தது என்கிறார்கள்.

1882-இல் வந்த சென்னை வனச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் (அரசு தனக்கென ஒதுக்கிக்கொண்ட காடுகளில்) தீ வைப்பதைக் குற்றமாக்கியது. அப்புறம் 1974-இல் அந்த மலை சரணாலயமானது, வழக்கம் நின்றது. இதற்கிடையில், வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி (லாண்டனா) காடெல்லாம் புதராக மண்டிவிட்டது. சருகுத் தீ நின்றதும் அதற்கு ஒரு காரணம் என்று சோளகர்கள் சொல்வதை நான் நம்புகிறேன், பல ஆண்டு அந்தக் காட்டுக்குள் நடந்து பார்த்தவர்கள் அவர்கள். இப்போது மாசி, பங்குனியில் தீப்பிடித்தால் அந்தப் புதர் ஏணி மாதிரி நின்று தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடுகிறது.

குரங்கணி வேறு கதை. 2018 மார்ச் 11 அன்று 23 உயிர்களைப் பறித்தது காய்ந்த புல்லும் செங்குத்துச் சரிவும். தீ மேல்நோக்கிப் போகும்போது முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகிறது, சரிவு 10 பாகை கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. மேலே ஓடி அதை முந்த முடியாது.

சரி, பழையபடி தீ வைத்துவிடலாமா என்றால், கூடாது. இன்றைய புதர்க்காட்டில் அது பெருந்தீயாகிவிடும். முதலில் உண்ணிச்செடியை வேரோடு எடுக்க வேண்டும். தீ தாண்டாமல் இருக்க, கோடைக்கு முன்பே வனத்துறை புல்லையும் புதரையும் வெட்டி அமைக்கும் தீத்தடுப்புக் கோடுகளைச் சரியான நேரத்தில் முடிக்க வேண்டும். எங்கே, எந்த வாரம் எரிக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் சோளகர்களும் உட்கார வேண்டும், தீயணைக்க மட்டும் அவர்களைக் கூப்பிடுவது நியாயமில்லை.