வங்கிக் கணக்கில் தேய்மானம்: வாசகர் கேள்விகள்

*ஒரு பிரதேச வங்கியின் கிளைகள் அநேகமாக வாடகைக் கட்டடங்களில்தான் இருக்கின்றன. அப்படியிருக்க இவ்வளவு தேய்மானச் செலவு எப்படி வந்தது?* – வெள்ளவத்தை வாசகர்

தேய்மானம் என்பது ஒரு சொத்தின் விலையை அது பயன்படும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதும் செலவு. வாடகைக் கட்டடத்துக்கும் அது வரக் காரணம், 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்எல்எப்ஆர்எஸ் 16 (இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16). நீண்டகால வாடகை ஒப்பந்தம் இருந்தால், அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமையே இப்போது சொத்து. வருங்கால வாடகையின் இன்றைய பெறுமதி கடனாகப் பதிவாகும். வாடகை என்ற செலவு சுருங்கி, தேய்மானமும் வட்டியுமாகப் பிரிந்துவிடும்.

காலி வீதியில் ஒரு கிளைக்கு ஆண்டு வாடகை 24 இலட்சம், ஒப்பந்தம் 5 ஆண்டு, வட்டி 12 சதவீதம், பணம் ஆண்டு முடிவில் கட்டுவது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு வாடகையின் இன்றைய பெறுமதி, அதாவது பதிவாகும் சொத்து, சுமார் 86.5 இலட்சம். ஆண்டுத் தேய்மானம் 17.3 இலட்சம். முதலாம் ஆண்டு வட்டி சுமார் 10.4 இலட்சம். ஆக, கட்டிய வாடகை 24 இலட்சமாக இருக்க, செலவு 27.7 இலட்சமாகப் பதிவாகிறது. கடைசி ஆண்டில் அது 20 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். புதிய கிளைகளைத் திறந்துகொண்டிருக்கும் வங்கியின் இலாபம் தொடக்கத்தில் இதனாலேயே மெலிந்து தெரியும்; நிர்வாகத்தைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். அந்த வட்டியைப் பல வங்கிகள் வட்டிச் செலவோடு சேர்ப்பதால், தேறிய வட்டி வருமானத்திலும் (வட்டி வருமானத்தில் வட்டிச் செலவைக் கழித்த மீதி) கொஞ்சம் குறையும்.

*காணிக்கும் தேய்மானம் உண்டா?* – கொட்டாஞ்சேனை மாணவி

சொந்தக் காணிக்கு இல்லை. குத்தகைக் காணிக்கு உண்டு. காணியும் கட்டடமும் சேர்த்து வாங்கப்பட்டிருந்தால் பெறுமதியைப் பிரித்தே ஆக வேண்டும். கட்டடத்தை மீள்மதிப்பிட்டு அதன் பெறுமதி உயர்ந்தால், அந்த உயர்வு பொதுவாக இலாபத்தில் சேராமல் மீள்மதிப்பீட்டு ஒதுக்கம் என்ற தனிக் கணக்குக்குப் போகும். ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து கூடிய தேய்மானம் இலாபத்தைத்தான் குறைக்கும்.

*தேய்மானத்தில் காசு வெளியே போவதில்லையே, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்?* – பங்கு முதலீட்டாளர், கொழும்பு 6

காசு முன்பே போய்விட்டது, அவ்வளவுதான். காசுப்பாய்ச்சல் கூற்றில் முதலீட்டு நடவடிக்கைப் பகுதியைப் பாருங்கள். சொத்து வாங்கிய தொகை பல ஆண்டுகளாகத் தேய்மானத்தைவிடக் குறைவாகவே இருந்தால், வங்கி பழைய இயந்திரங்களிலும் பழைய மென்பொருளிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். வங்கித் தொழிலில் அது எனக்குப் பெரிய அபாயமாகப் படுகிறது.

*ஒரே ஆண்டில் தேய்மானம் சட்டென்று குறைந்தால்?* – ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், தெஹிவளை

முதலில் கணக்கீட்டுக் கொள்கைக் குறிப்பைத் திறந்து, பயன்பாட்டுக் காலத்தை (சொத்து எத்தனை ஆண்டு உழைக்கும் என்று வங்கி மதிப்பிடுவது) சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். எல்கேஏஎஸ் 16 (இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16) இன்படி ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலாவது அதை மீள்பரிசீலிக்க வேண்டும். மாற்றினால் பழைய ஆண்டுகளைத் தொடாமல், இனிவரும் ஆண்டுகளுக்கே பொருந்தும். இன்னும் 3 ஆண்டு உழைக்கும் என்றிருந்த கணினி அமைப்பை 6 ஆண்டு என்றால் அதன் செலவு பாதியாகும். ஒரு புதிய வாடிக்கையாளர்கூட வராமலே இலாபம் ஏறும். நியாயமான காரணம் இருக்கலாம். அதை வங்கி எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும்.

மற்றொன்று, வருமான வரிக்கு இந்தத் தேய்மானம் செல்லாது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தனியான மூலதனக் கொடுப்பனவுகளையே, அதாவது சொத்துக்காக வரிக் கணக்கில் கழிக்கச் சட்டமே வகுத்த தொகைகளையே, தருகிறது. பயன்பாட்டுக் காலத்தை நீட்டினாலும் குறைத்தாலும் அந்த ஆண்டு கட்ட வேண்டிய வருமான வரி அதனால் மாறாது.