டவுன் சிண்ட்ரோம்: எந்தக் கதவை எப்போது தட்டுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு இடம் சொல்கிறார்கள். முதலில் எங்கே போவது? (தேனி)

முதலில் இதயம். டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். "ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தோம், சத்தம் எதுவும் இல்லை" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பிறந்த சில வாரங்களுக்கு நுரையீரலில் ரத்த அழுத்தம் அதிகமாகவே இருப்பதால், பெரிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் வேகமாகப் பாயாது; சத்தமும் கேட்காது. அதனால் ஒரு மாதத்துக்குள் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிட வேண்டும். சில குறைகளுக்கு ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும். காலம் கடந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகி, அறுவை சிகிச்சையே செய்ய முடியாத நிலை வரலாம்.

கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை: இப்போது ஒரு முறை, 6 மாதத்தில், 12 மாதத்தில், பிறகு வருடா வருடம். காது கேட்கும் திறனை இப்போதே பாருங்கள். கண்ணை 6 மாதத்துக்குள் காட்டிவிடுங்கள்.

கேரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனைதான் இது டவுன் சிண்ட்ரோம் என்பதை உறுதி செய்யும். பத்தில் ஒன்பதுக்கும் மேல் டிரைசோமி 21 (21-ஆவது குரோமோசோம் தனியாக ஒன்று கூடுதலாக இருப்பது) வகையாகத்தான் இருக்கும். டிரான்ஸ்லொகேஷன் (கூடுதல் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டியிருப்பது) என்று அறிக்கையில் வந்தால் அப்பா, அம்மா இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு அதைப் பொறுத்து மாறும். அசல் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், பல வருடங்களுக்குக் கேட்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே இடம் வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள டி.இ.ஐ.சி., அதாவது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, உளவியல் எல்லாம் அங்கே இலவசம். டவுன் சிண்ட்ரோம் இந்த மையங்களை நடத்தும் அரசுத் திட்டத்தின் பட்டியலிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட ஒன்று, தயங்காமல் கேளுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

மகளுக்கு 9 வயது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமில் குறைபாடு 25 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். இதை வைத்து எதுவுமே கிடைக்காது என்கிறார்கள். உண்மையா? (திண்டுக்கல்)

பெரும்பாலும் உண்மைதான். உதவித்தொகை, காப்பீடு, வருமான வரிக் கழிவு எதற்கும் 40 சதவீதம் குறைந்தபட்சம். எங்கே சறுக்கியது என்று பார்ப்போம்.

அறிவுசார் குறைபாட்டின் சதவீதத்தை ஐ.க்யூ. பரிசோதனையையும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவீட்டையும் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். மதிப்பெண் 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம். 55 முதல் 69 என்றால் 50 சதவீதம், 36 முதல் 54 என்றால் 75. நடுவில் 30, 40 என்று எதுவும் கிடையாது. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் ஒரு படி ஏறும், இறங்கும்.

வைன்லேண்ட் என்பது பெற்றோரிடம் கேட்டு நிரப்புவது. தவறு நடக்கும் இடம் இதுதான். "தானாகச் சாப்பிடுவாளா?" என்று கேட்டால் அம்மா பெருமையாக "சாப்பிடுவாளே" என்பார். சோற்றைப் பிசைந்து, முள்ளெடுத்து, தட்டை முன்னால் வைத்து, "அடுத்த வாய் எடு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவர்தான். "தானே குளிப்பாளா?" என்றால் "ம்" என்பார், வெந்நீர் விளாவுவதும் சோப்பு தேய்த்துவிடுவதும் கணக்கில் வராது. யாரும் சொல்லாமல், யாரும் தொடாமல் செய்வதை மட்டும்தான் "செய்வாள்" என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. உதவியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் மறுமதிப்பீடு கேளுங்கள். பள்ளி ஆசிரியரிடமிருந்து ஒரு பக்கக் குறிப்பு, கேரியோடைப் அறிக்கை, பழைய தெரபி பதிவுகள் எடுத்துப் போங்கள். மதிப்பீட்டுக்கு முன் காதைச் சோதித்தீர்களா என்பதும் முக்கியம். சரியாகக் கேட்காத பிள்ளைக்கு ஐ.க்யூ. மதிப்பெண் பிசகும்.

ஒரு வயது முடிந்ததும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வயதுக்குள் "வளர்ச்சித் தாமதம்" என்றுதான் எழுதுவார்கள், அது தற்காலிகமானது, பதறாதீர்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியை மட்டும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள், தேதி கடந்தால் உதவித்தொகை நின்றுவிடும்.

உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? (விருதுநகர்)

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் வேண்டும். எல்லாத் தாள்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் முன்னே ஒன்றில், பின்னே ஒன்றில் என்று இருந்தாலே மனு திரும்பி வரும்.

தனியார் காப்பீட்டு நிறுவனம் எங்கள் மகனைச் சேர்க்க மறுத்துவிட்டது. வேறு வழி? (கோவை)

நிராமயா. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை, அதாவது நேஷனல் டிரஸ்ட் நடத்தும் காப்பீடு. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, முன் மருத்துவப் பரிசோதனை இல்லை, ஏற்கெனவே உள்ள நோய் என்று ஒதுக்குவதும் இல்லை. புறநோயாளிச் செலவு, தெரபிச் செலவு இரண்டுக்கும் தொகை உண்டு. மற்ற காப்பீடுகளில் கிடைக்காதது இந்தத் தெரபிப் பணம்தான்.

அறக்கட்டளையில் பதிவு செய்த தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு காப்பீட்டு ஆண்டு. ஒவ்வொரு தலைப்புக்கும் தனி உச்சவரம்பு உண்டு. ஒரு லட்சத்தையும் ஒரே அறுவை சிகிச்சைக்கு எடுக்க முடியாது. தெரபி பில் திரும்பி வருவதற்கான காரணம் அநேகமாக ஒன்றுதான்: தேதி வாரியாக எழுதாமல் மாதத்துக்கு மொத்தமாக ஒரு ரசீது. ஒவ்வொரு அமர்வின் தேதியும் தெரபிஸ்டின் கையெழுத்தும் இருக்கட்டும். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு மையம் பார்த்திருக்கிறோம். நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்டெம் செல் சிகிச்சையும் செய்கிறார்களாம். (மதுரை)

ஸ்டெம் செல் என்று பலகை தொங்கினால் வேறு இடம் பாருங்கள். கூடுதல் குரோமோசோமை நீக்கும் சிகிச்சை எதுவும் இல்லை. வைட்டமின் ஊசிக்கும் இதே பதில்.

பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் மூவரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். மையத்துக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் பதிவுச் சான்று உண்டா என்றும் கேளுங்கள். அடுத்து, பெற்றோர் உள்ளே உட்கார அனுமதிக்கிறார்களா? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அங்கே நடப்பது மட்டும் போதாது. மிச்ச நேரம் வீட்டில் என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்காத மையம் பணத்துக்குக் கேடு.

சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனம், தியாகராய நகரில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான மதுரம் நாராயணன் மையம், தெற்கே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் ஆகியவற்றை முதலில் விசாரியுங்கள். டவுன் சிண்ட்ரோமுக்கென்றே பெற்றோர் அமைப்பு வேண்டுமென்றால் சென்னையில் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது.

பக்கத்துப் பள்ளியில் "எங்களிடம் வசதி இல்லை" என்கிறார்கள். (நாகர்கோவில்)

அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்பது 2016 சட்டத்தின் 31-ஆவது பிரிவு தரும் உரிமை. எழுத்தில் தந்தாலும் தராவிட்டாலும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு, நகல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். சேர்க்கையின்போதே அவர் பெயரைச் சொல்லி, வாரத்தில் எந்த நாள் பள்ளிக்கு வருவார் என்று பேசி வையுங்கள். தலைமையாசிரியரின் பயம் அநேகமாக அதில் அடங்கிவிடும்.

மகனுக்கு 18 முடிந்தது. வங்கியில் கணக்கை முடக்கிவிட்டார்கள். பெற்றோர்தானே, எங்கள் கையெழுத்து செல்லாதா? (சேலம்)

செல்லாது. 18 முடிந்த அன்றோடு பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு இருந்த இயற்கைக் காப்பாளர் தகுதி முடிந்துவிடுகிறது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மூன்று பேர் கொண்ட உள்ளூர் அளவிலான குழு இதைத் தருகிறது. நீதிமன்றம் போக வேண்டாம், வக்கீல் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் "படிவம் ஏ" கேளுங்கள். 17 வயதிலேயே தாள்களைத் திரட்டி வைத்தால் இப்படி முடங்காது.

சான்று வந்த 6 மாதத்துக்குள் மகன் பெயரிலுள்ள சொத்து விவரங்களைக் குழுவிடம் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கு. பலர் மறந்துவிடுவது இதைத்தான். வங்கி மேலாளர் "கோர்ட் ஆர்டர் வேண்டும்" என்று சொன்னால், இந்தச் சான்றை ஏற்கும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஏற்கெனவே சுற்றறிக்கை அனுப்பியிருப்பதைச் சொல்லுங்கள்.

நான் மத்திய அரசு ஓய்வூதியர். எனக்குப் பிறகு மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருமா? (திருச்சி)

வரும், வாழ்நாள் முழுக்க. சம்பாதித்துப் பிழைக்க முடியாத குறைபாடு என்று சான்று வேண்டும். நீங்கள் இருக்கும்போதே பழைய அலுவலகத்தில் மனு கொடுத்து, மகள் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிடுங்கள். நீங்களும் மனைவியும் போன பிறகு சித்தப்பாவோ அண்ணனோ அலைவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பாசத்தில் அவள் பெயரில் பெரிய வைப்புத்தொகை போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்: அந்த வட்டியும் அவள் வருமானமாகக் கணக்கில் வரும், வருமான வரம்பு மீறினால் ஓய்வூதியம் சிக்கலாகும்.

28 வயது மகன் நன்றாகத்தான் இருந்தான். ஆறு மாதமாகப் பேச்சு குறைந்துவிட்டது, எந்நேரமும் தூக்கம். "டவுன் சிண்ட்ரோம்னா அப்படித்தான்" என்கிறார் டாக்டர். (தூத்துக்குடி)

இந்தப் பதிலை ஏற்காதீர்கள். முதலில் டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், பி12. அடுத்து காது; மெழுகு அடைத்திருந்தாலே பேச்சு குறையும். இரவில் குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் தூக்கப் பரிசோதனை. நடை தள்ளாடினாலோ, கை பிடி தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ கழுத்து எலும்பு நழுவியிருக்கலாம். அன்றே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை கழுத்தை யாரும் சொடுக்கு எடுக்க விடாதீர்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் மனநல மருத்துவர். வீட்டில் சாவு, அக்கா கல்யாணம் ஆகிப் போனது, பயிற்சி மையம் நின்றது என்று இந்த ஆறு மாதத்தில் மாறியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவனால் சொல்ல முடியாததை அந்தத் தாளிலிருந்துதான் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும்.