பிள்ளையளுக்கு யோசினை கூடவா, அம்மா அப்பாவுக்குக் கூடவா? – கேள்வி பதில்

வணக்கம். கொழும்பில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஆலோசகரா 16 வருசமா வேலை செய்யிறன். நான் டொக்டர் இல்லை, மருந்து பற்றிக் கேட்டா பதில் வராது. ஒண்டு மட்டும் சொல்லுவன், அம்மம்மாவுக்கு எழுதிக் குடுத்த நித்திரைக் குளிசையைப் பாதியா உடைச்சுப் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ. இண்டைக்கு இதைத் திரும்பத் திரும்ப எழுதப்போறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி (வெள்ளவத்தை, ஒரு அம்மா): மகள் ஏ லெவல் பயோ படிக்கிறாள். இரவு 2 மணி வரைக்கும் நித்திரை இல்லை, கேட்டா யோசினை எண்டுறாள். தனி அறை, ரியூசன், போன் எல்லாம் குடுத்திருக்கு. நாங்கள் ஒரு அறைக்குள்ள ஆறு பேர் படுத்தனாங்கள். இவளுக்கு என்ன யோசினை?

பதில்: அக்கா, அந்த ஆறு பேரையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. நீங்கள் நித்திரை வராமப் புரண்டா பக்கத்தில கிடந்த அக்கா "என்னடி" எண்டு கேட்டிருப்பா. உங்கட மகள் கதவைச் சாத்தினா அங்க கேக்க ஒருத்தரும் இல்லை.

மற்றது அவள் எழுதப்போற சோதினை எப்பிடிப்பட்டது எண்டு உங்களுக்குத் தெரியவேணும். 2001ல இருந்து இசட் ஸ்கோர் தான். எடுத்த மார்க்ஸ் அப்பிடியே கணக்கில வராது, அந்தப் பாடம் எழுதின எல்லாரின்ர சராசரியில இருந்து இவள் எவ்வளவு மேல, எவ்வளவு கீழ எண்டு பார்த்து மூண்டு பாடத்தையும் சேர்ப்பினம். பிறகு கம்பஸுக்கு எடுக்கேக்க 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கொழும்பில இருந்து எழுதுற பிள்ளைக்கு மெடிசின் வெட்டுப்புள்ளி, அதாவது உள்ள எடுக்கிற ஆகக்குறைஞ்ச ஸ்கோர், சும்மா எட்டுற உயரத்தில இல்லை. நல்லா எழுதிட்டு வெளியில வந்தாலும் போதுமா எண்டு அவளுக்குத் தெரியாது, ஏனெண்டா அது முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பிள்ளையள் எழுதினதிலயும் தங்கியிருக்கு. ரிசல்ட் வந்து, வெட்டுப்புள்ளி வரும் வரைக்கும் மாசக்கணக்கா அவள் அந்தரத்தில நிக்கவேணும்.

இப்பிடித்தான் ஒரு பெடியன் என்ர மேசைக்கு முன்னால இருந்து கல்குலேட்டர் மூடியை இழுக்கிறதும் தள்ளுறதுமா இருந்தவன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வாய் திறந்தவன். "சோதினைக்குப் பயமில்லை டீச்சர், ரிசல்ட் வந்தவுடன அம்மா கனடாவில இருக்கிற பெரியம்மாக்கு எந்தக் குரலில சொல்லுவா எண்டதுதான்" எண்டான். அம்மாவுக்கு இது இண்டை வரைக்கும் தெரியாது.

செய்யக்கூடியது ஒண்டு சொல்லுறன். பின்னேரம் ஒரு 20 நிமிசம் ஒதுக்கி, கொப்பியில மனசில கிடக்கிற எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்கோ, படுக்கிற நேரத்துக்குக் கிட்ட வேண்டாம். இரவில யோசினை வந்தா "நாளைக்குப் பின்னேரம் பார்ப்பம்" எண்டு தள்ளிப்போடப் பழகவேணும், ரெண்டு கிழமையாவது விடாமச் செய்தாத்தான் வித்தியாசம் தெரியும். பதின்ம வயசுக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் நித்திரை வேணும், அந்த வயசில உடம்பு மணிக்கூடு தானாவே பிந்தி ஓடும், அதால பிந்திப் படுக்கிறது எல்லாம் கொழுப்பு இல்லை. காலமை 5 மணி ரியூசனை ஒருக்கா யோசியுங்கோ.

கேள்வி (தெஹிவளை): போனைப் பறிச்சா சரிவருமா?

பதில்: முழுசாப் பறிச்சா கூட்டாளிமாரையும் சேர்த்துப் பறிக்கிறியள். இரவில எல்லாற்ற போனும், உங்கடதும் தான், ஹோலில சார்ஜில கிடக்கட்டும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): மகளுக்கு நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ரெண்டு மாசத்தில நல்லா மெலிஞ்சிட்டாள். ரென்சனா?

பதில்: முதல் டொக்டரிட்டக் கொண்டு போங்கோ. தைரொயிட் கூடினாலும் இப்பிடியே இருக்கும், இரத்தத்தில ஒரு டெஸ்ட்டில தெரிஞ்சிடும். குளிசை ஒண்டும் நீங்களாக் குடுக்காதேங்கோ.

கேள்வி: மகன்ர யோசினை ஏழரைச் சனியால இருக்குமோ?

பதில்: எனக்கு அந்த விசயம் தெரியாது. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது நல்லம், போற வழியில அவனைக் கதைக்க விடுங்கோ.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஒரு அண்ணை): நாங்கள் 83 கலவரம் பார்த்தம், 96ல மத்திய வங்கிக் குண்டு பார்த்தம், பொலிஸ் பதிவு, செக்பொயின்ற் எல்லாம் பார்த்தம். ஒருத்தரும் கவுன்சிலிங் போகேல்லை. இதுகளுக்கு நோகாம வளர்ந்ததுதான் வருத்தம்.

பதில்: அண்ணை, இதுக்கு வடிவாப் பதில் சொல்லவேணும். 1996 ஜனவரி 31, நான் ஏ லெவல் படிச்சுக்கொண்டிருந்தன், அப்பாவுக்கு அந்த வங்கி இருக்கிற கோட்டையில வேலை. சத்தம் கேட்டதில இருந்து இரவு 9 மணி வரைக்கும் அம்மா கேற்றடியில நிண்டவ, ஆனா தனிய நிக்கேல்லை, எங்கட லேனில எல்லாக் கேற்றிலயும் ஆக்கள், ஆரோ தேத்தண்ணி கொண்டு வந்து குடுத்தினம். அப்பா நடந்து வந்தவர், சேட்டெல்லாம் தூசி. அதுக்குப் பிறகு அவர் சாகும் வரைக்கும் ஒவ்வொரு இரவும் முன்கதவுக் கொண்டியை மூண்டு தரம் இழுத்துப் பார்த்துட்டுத்தான் படுப்பார். நாங்கள் அதை அப்பாவின்ர பழக்கம் எண்டு சொன்னனாங்கள். இப்ப எனக்குத் தெரியும் அது என்னெண்டு.

கவுன்சிலிங் போகாததால யோசினை இல்லை எண்டு வராது. 90களின்ர நடுவில தற்கொலை வீதத்தில உலகத்திலயே மேல நிண்ட நாடுகளில எங்கட நாடும் ஒண்டு, பிறகுதான் நல்லாக் குறைஞ்சது. அதுகும் நீங்கள் "எல்லாம் பார்த்தம்" எண்டு சொல்லுற காலம்தான்.

இதுக்குப் பிறகு கேள்வியள் நிண்டு வாக்குவாதம் தொடங்கிட்டுது. கொட்டாஞ்சேனையிலயே இருக்கிற ஒரு தங்கச்சி எழுதினா: "மாமா, 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில வெடிச்ச நேரம் எங்கட யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. 2022ல சில நாள் 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம ஏ லெவலுக்குப் படிச்சன், அப்பா பெற்றோல் கியூவில ரெண்டு நாள் கிடந்தவர். நோகாம வளரேல்லை." அண்ணை விடேல்லை, கியூவில நாங்களும் தானே நிண்டம், நிண்டது உங்கட அப்பா, நீங்கள் இல்லை எண்டார். ஓம், வீட்டில இருந்து அவர் வருவாரா எண்டு பார்த்தது நான் எண்டு தங்கச்சி. இன்னொருத்தர் இடையில வந்து 2007 ஜூனில கொழும்பு லொட்ஜ்களில இருந்து எங்கட தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில ஏத்தி அனுப்பினதையும், அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் நிப்பாட்டினதையும் எழுதினார், தானும் அந்த பஸ்ஸில இருந்தவராம். ஆர் கூடப் பட்டது எண்டு நாப்பது பதில் போயிருக்கும்.

நான் அண்ணையிட்ட ஒண்டுதான் கேட்டன்: 83ல உங்களுக்கு எத்தினை வயசு?

"11. பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எங்களை அவவின்ர குசினிக்குள்ள வச்சிருந்தவ. தங்கச்சிக்கு 2 வயசு, அழுதா கேக்கும் எண்டு அம்மா அவளின்ர வாயைப் பொத்திக்கொண்டே இருந்தவ. எனக்கு இப்பவும் டயர் எரியிற மணம் வந்தா கை குளிரும். இதை என்ர பிள்ளையளுக்குச் சொன்னதில்லை."

அண்ணை, எழுதினதுக்கு நன்றி. உங்கட பிள்ளையள் நீங்கள் ஏன் இரவில வெளியில போக விடுறேல்லை எண்டு இவ்வளவு காலமும் தங்களைத்தான் பிழை சொல்லிக்கொண்டு இருந்திருப்பினம். அவையளுக்குச் சொல்லுங்கோ, குசினி வரைக்கும் சொன்னாலே காணும். அவையள் தங்கடதைச் சொல்லுறதுக்கும் அது வழி விடும், நான் இதை எத்தினையோ வீட்டில பார்த்திட்டன்.

கேள்வி: போனைப் பறிக்கலாமா?

பதில்: மேல இருக்கு.

கேள்வி: மகன் ராவில போனோட...

பதில்: மேல இருக்கு, வாசிச்சுப்போட்டுக் கேளுங்கோ. இதோட நாலாவது ஆள்.

கேள்வி: மாமியின்ர குளிசை கால்வாசி மட்டும் குடுத்தா?

பதில்: கால்வாசியும் வேண்டாம். அரைக்கால்வாசியும் வேண்டாம்.

கேள்வி (17 வயசு, இடம் சொல்லேல்லை): டீச்சர், எல்லாரும் ஆர் கூடப் பட்டது எண்டு சண்டை பிடிக்கினம். எனக்கு இருக்கவே விருப்பமில்லாம இருக்கு. வீட்டில சொல்ல ஏலாது.

பதில்: தம்பியோ தங்கச்சியோ, நீங்கள் இதை ஒரு மணித்தியாலத்துக்கு முதல் போட்டிருக்கிறியள், வாக்குவாதத்துக்குள்ள நான் காணேல்லை, மன்னிக்கவேணும். இப்ப வீட்டில நித்திரையா இருந்தாலும் பரவாயில்லை, ஒருத்தரை எழுப்பி அவைக்குப் பக்கத்தில போய் இருங்கோ, காரணம் சொல்லத் தேவையில்லை, தனிய இருக்காதேங்கோ. 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். நான் உங்களுக்குத் தனிய எழுதியிருக்கிறன், பாருங்கோ, போனைக் கையில வச்சுக்கொண்டு இருக்கிறன். மற்றாக்களுக்கு மிச்சப் பதில் நாளைக்கு.