ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவன் நாயகனாகும் சாகசக் கதைகள்: கேள்வி பதில்

டார்வின் நகரப் பள்ளி ஒன்றின் நூலகத்தில் 18 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அங்கே என்னிடம் புத்தகம் வாங்கிப் படித்த பிள்ளைகளில் பலர் பூர்வகுடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒரு பூர்வகுடிச் சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதைகளைப் பற்றிக் குழந்தை இலக்கிய ஆர்வலர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை): பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம், அம்மா? "ஸ்டார்ம் பாய்" நல்ல தொடக்கம் என்கிறார்கள்.

பதில்: காலின் தீல் 1964இல் எழுதிய "ஸ்டார்ம் பாய்" அழகான கதைதான். தென் ஆஸ்திரேலியாவின் கூரோங் உப்பங்கழிக் கரையும், கூழைக்கடாக் குஞ்சை வளர்க்கும் சிறுவனும் ஒருமுறை படித்தால் மனத்தை விட்டு அகலாதவை. ஆனால் அந்தச் சிறுவன் வெள்ளையன். பூர்வகுடியினரான ஃபிங்கர்போன் பில் அவனுக்கு வழிகாட்டியாக மட்டுமே வருகிறார். நீங்கள் கேட்பது பூர்வகுடிச் சிறுவனின் கதையென்றால், பூரி மான்டி ப்ரையரும் மீம் மெக்டொனால்டும் இணைந்து எழுதிய "மை கிராகுஞ்சி" (1998) என்ற சிறு நூலிலிருந்து தொடங்குங்கள்.

அதில் பாலைவனமும் இல்லை, ஈட்டியும் இல்லை. வீட்டுக்குள் உலவும் மயிர் அடர்ந்த தீய ஆவிக்கு அஞ்சி இரவில் கழிப்பறைக்குப் போகவும் துணியாத ஒரு சிறுவனும், அவனுக்குத் துணிவு தர வந்து சேரும் ஒரு பச்சைத் தவளையும்தான் இருக்கிறார்கள். சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வயதுச் சிறுவனுக்கு இருட்டில் நாலடி நடப்பதே சாகசம் என்பதை அறிந்தவர்கள் எழுதிய கதை அது. தொடர்ந்து வந்த இரு நூல்களில் அதே சிறுவன் வளர்கிறான். மூன்றாவதில் (2002) பதினாறு வயதில் ஊரை விட்டு மாநகரத்தில் உள்ள உறவினரிடம் போகிறான். ப்ரையர் குங்கஞ்சி, பிர்ரி குப்பா மக்களைச் சேர்ந்தவர். தன் குடும்பத்தில் கேட்ட கதைகளைத் தன் குடும்பத்தின் அனுமதியோடு சொல்பவரின் குரலில் ஓர் அமைதி இருக்கிறது. அதை மாணவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள், அவர்களே உணர்வார்கள்.

கேள்வி (கோவை): இவர்களை ஆதிவாசிகள் என்பதா, பழங்குடிகள் என்பதா?

பதில்: பூர்வகுடிகள் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் கதைக்குள் அந்தச் சொல்லே போதும் என்று நின்றுவிடாதீர்கள். 1788இல் ஆங்கிலேயர் குடியேறியபோது அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. "ஐரோப்பியச் சிறுவன்" என்று ஒரு நாயகனை அறிமுகப்படுத்தினால் நாம் என்ன புரிந்துகொள்வோமோ, அவ்வளவுதான் "பூர்வகுடிச் சிறுவன்" என்றாலும் புரியும். எந்த மக்கள், எந்த நிலம் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லுங்கள். இந்த எச்சரிக்கையை நான் மீண்டும் மீண்டும் சொல்வேன்.

கேள்வி (சென்னை, எழுத்தாளர்): என் கதையின் நாயகன் மத்தியப் பாலைவனத்தில் வாழ்கிறான். டிட்ஜெரிடூ ஊதுகிறான், எறிந்தால் கைக்கே திரும்பும் பூமராங்கால் கங்காரு வேட்டையாடுகிறான். சரியாக இருக்கிறதா?

பதில்: இரண்டும் சரியில்லை. டிட்ஜெரிடூ வடக்கே ஆர்ன்ஹெம் நிலப்பகுதிக்கு உரிய கருவி. கறையான் உள்ளே அரித்துக் குழாயாக்கிய யூகலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அதைச் செய்வார்கள். அங்குள்ள யோல்ஙு மக்கள் அதை யிடாக்கி என்பார்கள். பாலைவனத்து வேட்டைப் பூமராங், நம் வளரியைப் போலக் கனமானது. இலக்கை அடித்து வீழ்த்தவே செய்யப்பட்டது, திரும்பி வராது. கைக்குத் திரும்பும் வகை விளையாட்டுக்கும் பறவைகளைக் கலைத்து வலையில் விழவைக்கவும் பயன்பட்டது. எந்த மக்கள், எந்த நிலம் என்று முதலில் முடிவு செய்தால் கருவிகள் தாமே சரியாக வந்து சேரும்.

கேள்வி (திருநெல்வேலி): பதினாறு வயதில் சிறுவனைத் தனியே காட்டுக்கு அனுப்பி, பல மாதம் உயிர் பிழைத்துத் திரும்பினால்தான் ஆண்மகன் என்று ஏற்பார்களாமே, "வாக்அபவுட்" என்ற சடங்கு? அதையே மையமாக வைத்து எழுத விரும்புகிறேன்.

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் ஏழு இதையேதான் கேட்கின்றன. எனவே ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

"வாக்அபவுட்" எந்தப் பூர்வகுடி மொழியின் சொல்லும் அல்ல; ஆங்கிலத்திலிருந்து பிறந்த கலப்புமொழிச் சொல். கால்நடைப் பண்ணைகளில் வேலை செய்த பூர்வகுடியினர் சடங்குக்காகவோ, உறவினரைப் பார்க்கவோ, தங்கள் நிலத்துக்குச் செய்ய வேண்டிய கடமைக்காகவோ புறப்பட்டுப் போனபோது, காரணம் அறியாத முதலாளிகள் "அவன் வாக்அபவுட் போய்விட்டான்" என்றார்கள். போனவனுக்கு அது நோக்கமுள்ள பயணம். சொன்னவனுக்கு வெறும் அலைச்சல். தனிமையில் நடக்கும் உயிர்ப் பரீட்சை என்ற பொருளை உலகம் முழுவதும் பரப்பியது, நிக்கோலஸ் ரோக் 1971இல் இயக்கிய திரைப்படமும் அதற்கு மூலமான 1959ஆம் ஆண்டு நாவலும்தான். நாவலை ஜேம்ஸ் வான்ஸ் மார்ஷல் என்ற புனைபெயரில் எழுதிய டொனால்டு பெய்ன் ஓர் ஆங்கிலேயர்.

அந்த நாவலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாலைவனத்தில் வழி தவறிய இரண்டு வெள்ளைக் குழந்தைகளுக்குத் தண்ணீரும் உணவும் காட்டிக் காப்பாற்றும் பூர்வகுடிச் சிறுவன், அந்தப் பெண்ணின் கண்களில் தன் சாவைக் கண்டதாக நம்பி நலிந்து இறக்கிறான். ஆளாக வேண்டியவன் இறந்துபோகிறான். அவனால் பிழைத்தவர்கள் வளர்ந்து வீடு திரும்புகிறார்கள். வளரும் பருவத்துக் கதை என்று இதை எந்தப் பூர்வகுடிப் பிள்ளையின் கையில் கொடுப்பது?

மறுப்பு (அதே திருநெல்வேலி நண்பர்): படத்தின் தொடக்கத்திலேயே அது அவர்களுடைய வழக்கம் என்று எழுத்தில் காட்டுகிறார்களே? அதில் நடித்தவரும் பூர்வகுடிதானே?

பதில்: திரையில் எழுதிக் காட்டியதால் ஒன்று வழக்கமாகிவிடாது. அதில் நடித்த டேவிட் குல்பிலில் யோல்ஙு இளைஞர், வடக்கின் ஈரநிலங்களில் வளர்ந்தவர். அவரை அவருடையது அல்லாத பாலைவனத்தில் நடக்க வைத்தார்கள். அவருடைய நடையின் அழகை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த அழகு அவருடையது, கதைதான் வேறு யாருடையதோ. 2021இல் அவர் மறைந்தபோது, இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்காத தங்கள் மரபின்படி, அவரை வேறொரு பெயரால் குறிப்பிடுமாறு குடும்பத்தினர் கேட்டுக்கொண்டார்கள். மெய்யான வழக்கம் என்பது இப்படி இருக்கும்.

மறுப்பு (யாழ்ப்பாணம், மானுடவியல் மாணவர்): மேற்குப் பாலைவன மக்களிடையே சடங்குக்கு முன் சிறுவர்கள் நெடும்பயணம் போனது பதிவாகியிருக்கிறதே, அம்மா. முற்றாக மறுக்கலாமா?

பதில்: நல்ல குறுக்கீடு, ஏற்றுக்கொள்கிறேன். அங்கே சடங்குக்கு உரிய சிறுவனை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அழைத்துச் சென்ற பயணங்கள் உண்டு. ஆனால் "அழைத்துச் சென்ற" என்பதுதான் முக்கியம். காவலர்களாக அமைந்த உறவினர் உடன் செல்ல, ஒரு கூட்டத்தாரிடமிருந்து அடுத்த கூட்டத்தாரிடம் போய், அவர்களையும் சடங்குக்கு அழைத்துத் திரட்டிக்கொண்டே திரும்புவார்கள். புறப்படும்போது நான்கு பேராக இருந்தவர்கள் திரும்பும்போது பெருங்கூட்டமாக இருப்பார்கள். வழியில் உள்ள நீர்நிலைகளின் பெயரும் அவற்றின் கதையும் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லப்படும். தனியாக வென்று திரும்பும் வீரனுக்கும், தன்னை அறிந்தவர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக ஆளாகும் சிறுவனுக்கும் எவ்வளவு தூரம் இருக்கிறது! இரண்டாவது கதையை எழுத யாராவது முன்வந்தால் நான் மகிழ்வேன்.

கேள்வி (சேலம்): அந்தச் சடங்கில் என்ன செய்வார்கள் என்று விரிவாகச் சொல்ல முடியுமா? கதையின் உச்சக்காட்சிக்குத் தேவைப்படுகிறது.

பதில்: சொல்ல மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், 1950களில் வெளியார் ஒருவர் எழுதிய சிறுவர் நாவலைக் கதை நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சடங்குக் காட்சியும் அதற்கு ஒரு படமும் வந்தன. பேரனை அழைத்துப் போக வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் மெல்ல எழுந்து வந்து, உள்ளங்கையை விரித்து அந்தப் படத்தின் மேல் வைத்தார். "இது ஆண்களுக்கு உரியது. நானும் பார்க்கக் கூடாது, நீயும் பார்க்கக் கூடாது, இந்தப் பிள்ளைகள் இப்போது பார்க்கக் கூடாது" என்றார். கையை எடுக்காமலே பக்கத்தைத் திருப்பினார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் வெட்கத்தோடு புத்தகத்தை மூடினேன். அறிவு என்பது அங்கே வயதுக்கும் உறவுக்கும் ஏற்பப் படிப்படியாகத் தரப்படுவது. உச்சக்காட்சியில் சிறுவன் பெரியவர்களோடு புறப்பட்டுப் போகட்டும், வாசகர் தாயோடு இந்தப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

கேள்வி (மதுரை): பூமராங் எறிவதைப் பற்றி...

பதில்: மேலே சென்னை நண்பருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைப் படியுங்கள்.

கேள்வி (பெங்களூரு): இந்தக் கதைகளின் திரைப்பட வடிவங்களில் எது சிறந்தது?

பதில்: திரைப்படம் என் துறை அன்று. திரை விமர்சகர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி, கல்லூரி மாணவி): வெள்ளையர் வருவதற்கு முந்தைய காலத்தில் நிகழும் கடல் சாகசக் கதை ஏதும் உண்டா?

பதில்: தூத்துக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் பதில் கடல் அட்டையில் இருக்கிறது.

இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள மக்காசர் துறைமுகத்திலிருந்து, ஆண்டுதோறும் டிசம்பர் வாக்கில் வடமேற்குப் பருவக்காற்றைப் பிடித்துப் பாய்மரப் படகுகள் ஆர்ன்ஹெம் கரைக்கு வந்தன. கடல் அட்டையைப் பிடித்து, கரையில் கல்லடுப்பு வரிசைகளில் கொப்பரை ஏற்றி அவித்து, உலர்த்திப் புகையிட்டு, தென்கிழக்குக் காற்று திரும்பியதும் கொண்டுபோய்ச் சீன வணிகர்களிடம் விற்றார்கள். 1803இல் ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இவர்களை நேரில் சந்தித்திருக்கிறார். அரசு உரிமம் மறுத்ததால் 1907 வாக்கில் இந்த வணிகம் நின்றது. யோல்ஙு மக்களில் சிலர் அந்தப் படகுகளிலேயே மக்காசர் வரை போய் வந்தார்கள். ஆலன் பெய்லியின் "சாங்மேன்" (1994) அப்படிப் போகும் யுகுவா என்ற இளைஞனின் கதை, 1720இல் நிகழ்கிறது.

அந்தக் கரைகளில் இன்றும் புளியமரங்கள் நிற்கின்றன, மக்காசர்க்காரர்கள் கொண்டுவந்தவை. ஒரு மரத்தடியில் நின்று பழம் பொறுக்கி ஓட்டை உடைத்து வாயில் போட்டபோது, எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பதைப் போலவே இருந்தது. யோல்ஙு மொழிகளில் பணத்துக்கு "ருப்பியா" என்று பெயர். நம் ரூபாயின் உறவுச்சொல்தான், மக்காசர் வழியாகப் போயிருக்கிறது. வெள்ளையரை "பலண்டா" என்பார்கள்; அது டச்சுக்காரரைக் குறிக்கும் "ஹாலண்டர்" என்பதன் திரிபு. ஆங்கிலேயர் கால் வைக்கும் முன்பே அவர்களுக்குப் பெயர் அங்கே தயாராக இருந்தது.

கேள்வி (திருச்சி): பெய்லியும் வெளியார்தானே? அப்படியானால் வெளியார் எழுதலாமா, கூடாதா?

பதில்: கூடாது என்று நான் சொல்லவில்லை. பாட்ரிஷியா ரைட்சன் விர்ருன் என்ற பூர்வகுடி இளைஞனை நாயகனாக்கி 1977 முதல் 1981 வரை மூன்று நூல்கள் எழுதினார். 1986இல் குழந்தை இலக்கியத்துக்கான பன்னாட்டு விருதான ஆண்டர்சன் விருதும் பெற்றார். அன்போடுதான் எழுதினார். ஆனாலும் பல மக்களுக்கு உரிய ஆவிகளை ஒரே கதையில் எடுத்தாண்டது பின்னாளில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 1987இல் புரூம் நகரில் தொடங்கிய மகபாலா பதிப்பகம் போன்றவை வந்த பிறகு, பூர்வகுடியினரே எழுதிய நூல்களுக்குக் குறைவில்லை. முதலில் அவற்றைப் படியுங்கள். பிறகு எழுதினால், எந்த மக்கள், எந்த நிலம், யாரிடம் கேட்டீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் வைத்திருங்கள்.

கேள்வி (சிங்கப்பூர், மொழிபெயர்ப்பாளர்): ஆங்கிலத்தில் வரும் "அங்கிள்" என்ற சொல்லை எப்படித் தமிழாக்குவது?

பதில்: இன்று வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில் அந்த "அங்கிள்" யார் என்று கண்டுபிடியுங்கள். மதிப்புக்குரிய முதியவர் எவரையும் பூர்வகுடியினர் ஆங்கிலத்தில் அப்படி அழைப்பதுண்டு. அங்கே "பெரியவர்" அல்லது "ஐயா" போதும். உறவினராக இருந்தால், தந்தை வழியா, தாய் வழியா என்று பாருங்கள். யோல்ஙு மக்கள் தந்தையையும் அவருடைய சகோதரர்களையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். நம் பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பாக்களாகவே இருப்பதைப் போல. தாயின் சகோதரருக்குத் தனிச்சொல் உண்டு: ஙபிபி. ஆங்கிலம் இவ்விருவரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. தமிழ் அந்த வேறுபாட்டை மீட்டுத் தருகிறது.

எழுத்திலும் நமக்கு வசதி உண்டு. அந்த மொழிகளில் ந, ன, ண, ஞ, ங ஆகிய ஐந்து ஒலிகளும் வேறு வேறு. ஆங்கிலத்தில் அவற்றை எழுதக் கோடும் வாலும் சேர்க்க வேண்டியிருக்கிறது. நம்மிடம் ஐந்துக்கும் எழுத்து இருக்கிறது. எனவே "அங்கிள்" என்று ஒலிபெயர்த்துவிட்டு நகராதீர்கள். அவர் தாயின் தம்பி என்று உறுதியானால், சிறுவன் முதல் பக்கத்தில் அவரை "ஙபிபி" என்று அழைக்கட்டும், அடுத்த வரியில் "மாமா" என்று சொல்லுங்கள். அதற்குமேல் நம் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது.