கேட்டலாக்கை யார் தொடலாம்? ராக்எஃப் கேள்வி-பதில்

ராக்எஃப், ஐபிஎம் மெயின்ஃபிரேமில் யார் எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் பாதுகாப்பு மென்பொருள். கேட்டலாக், எந்த டேட்டாசெட் (ஃபைல்) எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேட்டலாக் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளியிருக்கிறேன்.

மாஸ்டர் கேட்டலாக்குக்கு (சிஸ்டத்தின் முதன்மைக் கேட்டலாக்) பொதுவாக எந்த அளவு உரிமை போதும்?

ரீட் போதும். அதன் புரொஃபைலில் (யாருக்கு எந்த உரிமை என்ற ராக்எஃப் பதிவு) யூஏசிசியை, அதாவது ஆக்சஸ் லிஸ்ட்டில் இல்லாதவருக்கான பொது உரிமையை, 'நன்' (எதுவும் இல்லை) என்று வைத்து, ஐடி(*)க்கு, அதாவது ராக்எஃப்பில் பதிவான எல்லோருக்கும், ரீட் (படிக்க மட்டும்) கொடுங்கள். யூஏசிசி ராக்எஃப்பில் பதிவாகாத ஐடிக்கும் பொருந்தும், ஐடி(*) பொருந்தாது. அப்டேட் (எழுதும் உரிமை) நாலைந்து சிஸ்டம் புரோகிராமர்களோடு நிற்கட்டும்.

அலையஸ் (ஓர் எச்எல்க்யூவை, அதாவது டேட்டாசெட் பெயரின் முதல் பகுதியை, அதற்கான யூசர் கேட்டலாக்கோடு இணைக்கும் மாஸ்டர் கேட்டலாக் பதிவு) போட ஸ்டோரேஜ் டீம் அப்டேட் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். ராக்எஃப்பின் ஃபெசிலிட்டி கிளாஸில் (தனி வேலைகளுக்கான உரிமைகள் இருக்கும் பிரிவு) எஸ்டிஜிஅட்மின்.ஐஜிஜி.டெஃப்டெல்.யூஅலையஸ் புரொஃபைலுக்கு ரீட் கொடுத்தால் வேலை நடக்கும். அதே உரிமையில் அலையஸை அழிக்கவும் முடியும் என்பதை மறக்காதீர்கள். ஓர் அலையஸ் போனால் அதன் கீழுள்ள டேட்டாசெட்டுகள் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது.

எங்கள் ஜாபில் ரிட்டர்ன் கோட் 56 வருகிறது. யூசர் கேட்டலாக்குக்கு ஆல்டர் (அப்டேட்டுக்கு மேலான, முழு உரிமை) கொடுத்தால் சரியாகிவிடுமா?

எந்தக் கமாண்ட், எந்தக் கேட்டலாக், ரீசன் கோட் என்ன? ஒன்றையும் எழுதாமல் தீர்வு மட்டும் கேட்டால் எப்படி? 56 என்றால் உரிமைச் சோதனையில் தோற்றது என்று மட்டும்தான் தெரியும். ராக்எஃப் தரும் ஐசிஎச்408ஐ மெசேஜைப் பாருங்கள். கேட்ட உரிமை எது, இருந்த உரிமை எது என்று அதிலேயே இருக்கும். பெரும்பாலும் அப்டேட் போதும். இல்லையென்றால் அந்த எச்எல்க்யூவுக்கு அலையஸே இருக்காது, ஜாப் மாஸ்டர் கேட்டலாக்கில் எழுதப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஆல்டர் கொடுக்காதீர்கள். பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். கேட்டலாக் மேல் ஆல்டர் இருப்பவர், அதில் பதிவான விசாம் (ஒரு ஃபைல் வகை) டேட்டாசெட்டையும் எஸ்எம்எஸ் (சேமிப்பிடத்தைச் சிஸ்டமே நிர்வகிக்கும்) டேட்டாசெட்டையும் அழிக்கலாம். அந்த டேட்டாசெட்டின் புரொஃபைல் அவருக்கு ரீட் மட்டும் கொடுத்திருந்தாலும் அது தடுக்காது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு அப்ளிகேஷன் டீமுக்கு 'இரண்டு நாளைக்கு மட்டும்' என்று கொடுத்த ஆல்டர் இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. ஒரு ராத்திரி அவர்களுடைய கிளீனப் ஜாபில் டெஸ்ட் எச்எல்க்யூ இருக்க வேண்டிய இடத்தில் புரொடக்‌ஷன் எச்எல்க்யூ விழுந்தது. சுமார் 300 டேட்டாசெட் போயிற்று. அந்த டேட்டாசெட் புரொஃபைல்களை நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இறுக்கி வைத்திருந்தோம், ஒன்றும் உதவவில்லை. எச்எஸ்எம் (பேக்கப் எடுக்கும் மென்பொருள்) பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்பதற்குள் விடிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் கேட்டலாக் புரொஃபைல்களின் ஆக்சஸ் லிஸ்ட்டில் ஆல்டர் யாருக்கு இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

டிபி2 டேட்டாபேஸின் கேட்டலாக்குக்கும் இதேதானா?

இல்லை. அது வேறு கேட்டலாக். அதன் டேபிள்களைப் படிக்கும் உரிமை டிபி2 கிராண்ட் (உரிமை வழங்கும் கமாண்ட்) வழியாக வரும். கீழே இருக்கும் விசாம் ஃபைல்களை மட்டும் ராக்எஃப் டேட்டாசெட் புரொஃபைலால் பூட்டுங்கள்.

எல்லோருக்கும் அப்டேட் இருக்கிறது. ரீட் ஆக்கும் முன் வார்னிங் மோடில் போட்டுப் பார்க்கலாமா?

மாஸ்டர் கேட்டலாக்கில் கூடவே கூடாது. வார்னிங் இருக்கும் வரை, மறுக்க வேண்டியவரையும் ராக்எஃப் உள்ளே விட்டுவிடும், ஆல்டர் கேட்டாலும் சரி. அதற்குப் பதில் புரொஃபைலில் ஆடிட் சக்சஸ் அப்டேட் (அனுமதி பெற்று எழுதுவதைப் பதிவு செய்யும் அமைப்பு) போட்டு ஒரு மாதம் விடுங்கள், மாதக்கடைசி ஜாப்கள் கட்டாயம் அதற்குள் வர வேண்டும். எஸ்எம்எஃப் 80 பதிவுகளில் (ராக்எஃப் நிகழ்வுகளைச் சிஸ்டம் குறித்து வைக்கும் இடம்) யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் லிஸ்ட்கேட் (கேட்டலாக்கில் இருப்பதைக் காட்டும் கமாண்ட்) எடுத்து, மாஸ்டரில் தவறி விழுந்த டேட்டாசெட்டுகளுக்கு அலையஸ் போட்டு யூசர் கேட்டலாக்குக்கு நகர்த்துங்கள். குளோபல் ஆக்சஸ் டேபிளையும் (புரொஃபைலைப் பார்க்கும் முன்பே அனுமதி தந்துவிடும் பட்டியல்) பாருங்கள். அங்கே அப்டேட் கொடுத்திருந்தால் எஸ்எம்எஃப்பில் ஒரு வரிகூட வராது.

ரீட் ஆக்கிவிட்டேன். ஒருவர் மட்டும் இன்னும் மாற்றுகிறார்.

ரிஃப்ரெஷ் (மாற்றிய புரொஃபைலை நினைவகத்தில் புதுப்பிப்பது) செய்தீர்களா? செய்திருந்தால், அவர் ஐடியில் ஆபரேஷன்ஸ் (டேட்டாசெட்டுகள் மேல் பரந்த உரிமை தரும் பண்பு) இருக்கும். அவரையோ அவர் குரூப்பையோ ஆக்சஸ் லிஸ்ட்டில் ரீட் என்று வெளிப்படையாகப் போடுங்கள், அந்த அளவோடு நிற்பார்.