வாசகர் கேள்வி – பதில்: ஐந்து முறை தோற்றவரைப் பற்றி ஆறு கடிதங்கள்

சென்ற இதழில், பெண்களுக்குச் சம்பளம் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசிய போலந்து அரசியல்வாதி ஒருவரைப் பற்றி இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்காக ஆறு கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் யானுஷ் கோர்வின்-மிக்கே என்ற அந்த மனிதருக்கே ஒதுக்குகிறேன்.

ஐயா, அவர் யார்? பள்ளிக்கூடம் போகாதவரா? படித்தவர் இப்படிப் பேசுவாரா?
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

நன்றாகப் படித்தவர். 1942ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த வார்சா நகரில் பிறந்தார். வார்சா பல்கலைக்கழகத்தில் கணிதமும் தத்துவமும் பயின்றார். பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில் தேர்ந்தவர். அதைப் பற்றி நூல்களும் எழுதியிருக்கிறார். கழுத்தில் எப்போதும் வண்ணத்துப்பூச்சி வடிவ 'போ' கட்டிக்கொண்டு வருவதால், பெயரை மறந்தவர்களுக்கும் அவரது தோற்றம் நினைவில் நிற்கும்.

அவருக்குச் சேர வேண்டிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968இல் போலந்தின் கம்யூனிச அரசுக்கு எதிராக மாணவர்கள் கிளர்ந்தெழுந்தபோது கைதானவர்களில் அவரும் ஒருவர். 1978இல் தணிக்கைக்குத் தப்பி இரகசியமாக நூல்களை அச்சிடும் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். அந்நாளில் அதற்குத் துணிவு வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்திருந்த ஓர் அரசை வெறுத்தவர், நாளடைவில் அரசு எவரையும் காக்கவே கூடாது என்ற இடத்திற்குப் போய்ச் சேர்ந்தார். வருமான வரி, குறைந்தபட்சச் சம்பளம் ஆகிய எதுவும் வேண்டாம் என்பார். மக்களாட்சியை விட முடியாட்சியே மேல், மரண தண்டனை திரும்ப வேண்டும், பெண்களுக்கு வாக்குரிமை தேவையில்லை என்பவையும் அவர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் கருத்துகள்.

இத்தனை ஆண்டு அரசியலில் அவர் செய்து முடித்த காரியம் ஏதாவது உண்டா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தாப்பா

ஒன்று உண்டு, அது ஓர் அரசாங்கத்தின் வீழ்ச்சியோடு தொடர்புடையது. 1991இல் நடந்த தேர்தலில் அவரது கட்சி இரண்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வாக்குகளைப் பெற்று, 460 இடங்கள் கொண்ட கீழவையில் மூன்று இடங்களைப் பிடித்தது. அந்த மூவரில் ஒருவராக அமர்ந்திருந்த கோர்வின்-மிக்கே, 1992 மே 28ஆம் நாள் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். கம்யூனிச ஆட்சிக்காலத்தில் இரகசியப் போலீசுக்கு உளவாளிகளாக இருந்த உயர் பதவியாளர்களின் பெயர்களை உள்துறை அமைச்சர் வெளியிட வேண்டும் என்பது அத்தீர்மானம். ஜூன் 4ஆம் நாள் அமைச்சர் அந்தோனி மாச்செரெவிச் 64 பெயர்கள் கொண்ட பட்டியலை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார். போலந்தின் விடுதலைக்கு அடையாளமாக உலகமே அறிந்திருந்த அதிபர் லேக் வலேசாவுடன் தொடர்புடைய தகவலும் வந்து சேர, அன்றிரவே பிரதமர் யான் ஓல்ஷெவ்ஸ்கியின் அமைச்சரவை பதவி நீக்கம் செய்யப்பட்டது. அதே மாதம் 19ஆம் நாள், அந்தத் தீர்மானமே அரசமைப்புக்கு முரணானது என்று அரசமைப்புத் தீர்ப்பாயம் கூறியது. பெயர் சுட்டப்பட்டவர்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ள வழியேதும் அத்தீர்மானத்தில் இல்லை. அதை அவசரத்தில் எழுதப்பட்ட தீர்மானம் என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு வால் உண்டு. அதில் இடம்பெற்ற மிஹாவ் போனி என்பவர் அக்குற்றச்சாட்டை அப்போது மறுத்தார். 2007இல், 1980களில் மிரட்டலுக்குப் பணிந்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டதாகத் தாமே கூறினார். 2014 ஜூலையில், புதிதாக ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்குத் தேர்வான போலந்துக்காரர்களுக்கு வெளியுறவு அமைச்சில் ஒரு கூட்டம் நடந்தது. இருவரும் அங்கே எதிரெதிரே வந்தபோது கோர்வின்-மிக்கே அவரைக் கன்னத்தில் அறைந்தார். போனி 1992இல் விட்ட வார்த்தைக்கு 22 ஆண்டுகள் கழித்துக் கணக்குத் தீர்த்ததாக அவர் எண்ணிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 71. நம் தோட்டத்துப் பெரியவர்களாக இருந்தால் அப்படி ஒருவரைத் தனியே கூப்பிட்டுக் கண்டித்திருப்பார்கள்.

அதிபர் தேர்தலில் ஐந்து முறை நின்று தோற்றவர் எப்படி ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்குப் போனார்?
– லாரி ஓட்டுநர், பாகான் செராய்

அதிபர் தேர்தல்களில் அவர் பெற்றது 1995இல் 2.40 விழுக்காடு, 2000இலும் 2005இலும் 1.43 விழுக்காடு, 2010இல் 2.48 விழுக்காடு, 2015இல் 3.26 விழுக்காடு.

நம் மலேசியாவில் 222 நாடாளுமன்றத் தொகுதிகளிலும் அதிக வாக்கு வாங்கியவர் வெல்கிறார். நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஏழு விழுக்காட்டை வைத்துக்கொண்டு இங்கே ஓரிடத்தையும் பிடிக்க முடியாமல் போகலாம். போலந்தில் கட்சிப் பட்டியலுக்கு விழுந்த வாக்குகளின் விகிதப்படி இடங்கள் பகிரப்படுகின்றன. உதிரிக் கட்சிகள் பெருகிவிடாமல் இருக்க 1993 முதல் ஐந்து விழுக்காடாவது பெறாத கட்சிக்கு இடமில்லை என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புதான் அவரை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாசலிலேயே நிறுத்தியது. 2014ஆம் ஆண்டு ஐரோப்பியத் தேர்தலில் போலந்து வாக்காளர்களில் நான்கில் ஒருவர் கூட வாக்களிக்கப் போகவில்லை. வாக்குப்பதிவு 24 விழுக்காட்டை எட்டவில்லை. ஆகவே ஏறத்தாழ ஐந்து லட்சம் வாக்குகளே 7.15 விழுக்காடாகி, போலந்துக்குரிய 51 இடங்களில் நான்கை அவரது கட்சிக்குத் தந்தன. மற்றவர்கள் வீட்டில் இருந்துவிட்டதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். மறு ஆண்டு உள்நாட்டுத் தேர்தலில் வாக்குப்பதிவு ஏறியவுடன், அவர் தம் பெயரையே சூட்டித் தொடங்கிய புதிய கட்சி 4.76 விழுக்காட்டில் மீண்டும் வாசலில் நின்றது.

என் மகன் படிவம் ஐந்து படிக்கிறான். கைப்பேசியில் இவருடைய பேச்சுத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்தான் வேலையில்லாமைக்குக் காரணம் என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், செம்பனைத் தோட்டம், கோல சிலாங்கூர்

அம்மா, தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த வாதம் வெறும் பிதற்றல் அன்று. பொருளியலாளர்கள் இன்றும் விவாதிக்கும் ஒன்று. ஒருவருடைய உழைப்பால் முதலாளிக்குக் கிடைப்பது சட்டம் சொல்லும் சம்பளத்தை விடக் குறைவாக இருந்தால் அவரை வேலைக்கு எடுக்கவே மாட்டார்கள், அதனால் அனுபவமற்ற இளைஞர்கள் வெளியில் நிற்பார்கள் என்பதே அதன் சாரம். 2014 ஜூலையில் கோர்வின்-மிக்கே ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியதும் இதைத்தான். ஆனால் அந்தப் பேச்சில், வேலையற்ற ஐரோப்பிய இளைஞர்களின் நிலையைச் சொல்வதற்குக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை உவமையாக எடுத்தார். அவையில் கண்டனம் எழுந்தது. உலகச் செய்தியானது அந்தச் சொல்தான்; வாதத்தை யாரும் எடுத்து ஆராயவில்லை. அவருடைய வழி பெரும்பாலும் இதுவே. ஒரு கருத்தோடு ஒரு வசையைக் கட்டி எறிவார். வசையைக் கேட்டவர்கள் கொதிப்பார்கள். கொதிப்பைப் பார்த்த இளைஞர்கள், இவர் உண்மையைச் சொல்வதால்தான் இத்தனை பேர் கோபப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். தொழிலாளி ஒரு முதலாளி பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் போகலாம் என்று அது எண்ணிக்கொள்கிறது. என் அம்மா ரப்பர் பால்மரம் சீவிய தோட்டத்தில் அப்படி ஒரு 'இன்னொருவர்' இருந்ததில்லை. விடியற்காலை இருட்டில், வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் நிரைக்கு, அதாவது தமக்கு ஒதுக்கிய மர வரிசைக்கு, போவார். நின்றால் கொசு, நடந்தால் அட்டை. மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டா என்னும் தோள்தடியில் கட்டிச் சுமந்துவந்து நிறுவைக்கு நிற்பார். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. மரம் சீவாத நாளுக்குக் கூலி கிடையாது. குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துடையது, பட்டணத்துக்குப் போகும் செம்மண் சாலையும் தோட்டத்துடையது. வேலையை விட்டால் அந்த மாதமே வீட்டையும் விட வேண்டும். இந்த நிலையில் இருப்பவர் எப்படிப் பேரம் பேசுவார்? முதலாளி ஒருவரே என்று ஆகும் இடத்தில் சம்பளம் உழைப்பின் மதிப்புக்குக் கீழே அழுந்தும் என்பதையும், அங்கே சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினால் வேலை குறையாமலே இருக்கக்கூடும் என்பதையும் பொருளியல் பாடமே ஒப்புக்கொள்கிறது. தம்பியின் கைப்பேசியில் வந்த துண்டில் அந்தப் பக்கம் இல்லை.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று தொடங்கி, 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. மாதச் சம்பளம் என்று கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள் என்பதைத் தம்பியின் தாத்தா பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றி அவர் பேசியது 2017 மார்ச் 1ஆம் நாள். ஆண் பெண் சம்பள வேறுபாடு பற்றிய விவாதத்தில் எழுந்து, பெண்கள் வலிமையிலும் உருவத்திலும் அறிவிலும் குறைந்தவர்கள், ஆகவே குறைவாகத்தான் சம்பாதிக்க வேண்டும் என்றார். உயர்நிலைச் சதுரங்கத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று சான்று வேறு கேட்டார். ஸ்பெயின் நாட்டு உறுப்பினர் இராட்சே கார்சியா அங்கேயே எழுந்து அவருக்குப் பதில் கொடுத்தார். என்னிடமும் ஒரு பதில் உண்டு. அப்பாவின் நிரையும் அம்மாவின் நிரையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அம்மா முன்னதாக முடித்துவிட்டு, அப்பாவின் நிரையில் கடைசி மரங்களையும் சீவிக் கொடுத்துவிட்டுத்தான் பால் எடுக்கப் போவார்.

இப்படிப் பேசியவருக்குத் தண்டனை கிடைத்ததா?
– கல்லூரி மாணவி, தெலுக் இந்தான்

கிடைத்தது, பின்னர் நீக்கப்பட்டது. முப்பது நாள் படித்தொகை, அதாவது 9,180 யூரோ, பிடிக்கப்பட்டது. பத்து நாட்கள் நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்கெடுக்கத் தடை. ஓராண்டுக்கு நாடாளுமன்றத்தின் சார்பில் எங்கும் செல்லக் கூடாது என்ற உத்தரவு. அதற்கு முன்பும், 2015இல் போக்குவரத்துப் பயணச்சீட்டு பற்றிய விவாதத்தில் நாஜிகளைப் போலக் கையை உயர்த்தி ஹிட்லரின் முழக்கத்தைத் திரித்துச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தார். ஆனால் 2017ஆம் ஆண்டுத் தண்டனையையும், 2016இல் குடியேறிகளைப் பற்றிப் பேசியதற்கான இன்னொரு தண்டனையையும் எதிர்த்து அவர் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்துக்குப் போனார். 2018 மே 31ஆம் நாள் நீதிமன்றம் இரண்டையும் நீக்கியது. அவரது பேச்சு நல்ல பேச்சு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அவை உறுப்பினரின் பேச்சுரிமைக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு, அந்தப் பேச்சுகள் அவையின் நடப்பைக் குலைத்ததாக நிறுவப்படவில்லை என்பதே காரணம்.

இத்தீர்ப்பு எனக்குக் கசக்கிறது. ஆயினும் தவறென்று சொல்ல மாட்டேன். பெரும்பான்மைக்குப் பிடிக்காததைப் பேசும் உறுப்பினரைச் சம்பளத்தைப் பிடித்து அடக்கலாம் என்று ஆகிவிட்டால், நாளை எங்கோ ஓர் அவையில் தொழிலாளிக்காகப் பேசுகிறவரின் வாயைத்தான் முதலில் அடைப்பார்கள்.

இப்போது அவர் எங்கே? அவருடைய அரசியல் முடிந்துவிட்டதா?
– கடைக்காரர், பீடோர்

2018 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தை விட்டு விலகி உள்நாட்டு அரசியலுக்குத் திரும்பினார். மற்ற தீவிர வலதுசாரிக் குழுக்களோடு சேர்ந்து அமைத்த கான்ஃபெடராட்சியா என்ற கூட்டணி 2019இல் 6.81 விழுக்காடு பெற்று 11 இடங்களை வென்றது. அவரும் 26 ஆண்டுகளுக்குப் பிறகு கீழவைக்குள் நுழைந்தார். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது, அண்டை நாடான போலந்து அகதிகளுக்குக் கதவு திறந்துவிட்டிருந்த நாட்களிலேயே, அவர் ரஷ்யாவுக்குச் சாதகமாகப் பேசினார். அதைத் தாங்க முடியாமல் அவரது கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூவர் வெளியேறினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கட்சித் தலைமை ஸ்லாவோமிர் மென்ட்சென் என்ற இளைஞரின் கைக்கு மாறியது. வரியைக் குறைப்பதைப் பற்றியே பேசி, சமூக ஊடகக் காணொளிகளால் வளர்ந்தவர் அவர். 2023 தேர்தலில் கூட்டணிக்கு 18 இடங்கள் கிடைத்தன, கோர்வின்-மிக்கேக்குத் தம் இடம் கிடைக்கவில்லை. அதன்பின் கூட்டணியும் அவரை விலக்கிவிட்டது. 2024இல் வார்சா மேயர் தேர்தலில் நின்று அதிலும் தோற்றார்.

ஆனால் 2025 மே மாதம் நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றைப் பாருங்கள். மென்ட்சென் 14.81 விழுக்காடு பெற்று மூன்றாவதாக வந்தார். அதே கூட்டணியிலிருந்து பிரிந்தவரும், நாடாளுமன்றக் கட்டடத்தில் யூதர்களின் ஹனுக்கா விளக்குகளைத் தீயணைப்புக் கருவியால் அணைத்தவருமான கிரெகோஷ் பிரவுன் 6.34 விழுக்காடு பெற்று நான்காவதாக வந்தார். இருவருடையதையும் கூட்டினால் 21 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. கோர்வின்-மிக்கே இருபது ஆண்டுகளில் ஐந்து முறை நின்றும் நான்கு விழுக்காட்டைத் தொட்டதில்லை.